தரவு வகையை உங்கள் கணினி ஏற்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடியில் சிறிய கணினிப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். என் மேசைக்கு வரும் நிரல் கோளாறுகளைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்: மடிக்கணினியோடு வரும் கல்லூரி மாணவர்கள், கணினியில் கணக்கு எழுதும் நகைக்கடை, டைல்ஸ் பட்டறை, பலகாரக் கடைக்காரர்கள், பெட்டகத்தில் கிடந்த பர்மா, மலேயாப் பேரேடுகளைக் கணினியில் ஏற்ற விரும்பும் குடும்பத்தினர். கோளாறு வேறு வேறு முகத்தோடு வந்தாலும், பிரித்துப் பார்க்கும்போது அடியில் கிடப்பது பல நேரங்களில் ஒன்றுதான். நிரலில் எழுதியிருக்கும் தரவு வகை (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, தேதியா, அதற்கு எவ்வளவு இடம் என்று சொல்லும் பெயர்) அந்தச் சூழலில் இருக்காது. அல்லது அதே பெயரில் வேறு அளவுள்ள ஒன்று இருக்கும். “புத்தகத்தில் இருக்கிறதே”, “என் வீட்டுக் கணினியில் ஓடியதே” என்னும் இரண்டையும் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. நிரல் எந்தக் கணினியில் ஓடப்போகிறதோ அந்தக் கணினியிடமே கேட்டுப் பதில் வாங்க வேண்டும். அப்படிக் கேட்கும் முறைகளைக் கீழே அறிகுறிவாரியாகத் தருகிறேன்.

தொடங்கும் முன், தரவுக் கோப்பை நகலெடுத்து வேறொரு பென்டிரைவில் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு தாளில் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) அல்லது மென்பொருளின் பெயர், பதிப்பு எண், அது 32 பிட்டா 64 பிட்டா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 64 பிட் என்பதால் அதில் உள்ள எக்செல்லும் 64 பிட் என்று முடிவு செய்துவிட வேண்டாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் நிறுவியிருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. கட்டளைகளையும் வகைப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அறிகுறி 1: நிரல் ஓடவே மறுக்கிறது, வகையின் பெயர் தெரியாது என்கிறது

இது வெளிப்படையாகத் தெரியும் கோளாறு என்பதால், எல்லா அறிகுறிகளிலும் இதுவே நல்ல அறிகுறி. முதலில் எழுத்துப் பிழையையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள். ஜாவாவில் ‘ஸ்ட்ரிங்’ என்பதன் முதலெழுத்து பெரியதாக இருக்க வேண்டும், சி++ மொழியில் சிறியதாக இருக்க வேண்டும்; ஒரே பருவத்தில் இரண்டையும் படிக்கும் மாணவர் இதில் தடுமாறுவது இயல்பு.

அதில் குறையில்லை என்றால் மூன்று வரிச் சோதனை நிரல் ஒன்றை எழுதுங்கள். சந்தேகத்துக்குரிய வகையில் ஒரே ஒரு மாறியை அறிவித்து, அதன் அளவை (சி, சி++ என்றால் ‘சைஸ்ஆஃப்’ கொண்டு) அச்சிடுவது மட்டுமே அதன் வேலை. அந்த மூன்று வரி ஓடி உங்கள் பெரிய நிரல் ஓடவில்லை என்றால் சூழலில் குறையில்லை. குறை உங்கள் நிரலில் இருக்கிறது. மூன்று வரியும் ஓடவில்லை என்றால் கீழே உள்ள கிளைகளில் உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள்.

சி அல்லது சி++ என்றால்

தலைப்புக் கோப்பு (நிரலின் தொடக்கத்தில் சேர்க்கும் ‘ஹெடர்’) விடுபட்டிருக்கலாம். 2023ஆம் ஆண்டுத் தரத்துக்கு முந்திய சி மொழியில் ‘பூல்’ என்று எழுத ‘எஸ்டிடி பூல்’ என்னும் தலைப்புக் கோப்பும், 64 பிட் முழு எண்ணை அளவு சொல்லி அறிவிக்க ‘எஸ்டிடி இன்ட்’ என்னும் தலைப்புக் கோப்பும் வேண்டும். இரண்டும் 1999ஆம் ஆண்டுச் சி தரத்தில் வந்தவை. ‘லாங் லாங்’ வகையும் அதே தரத்தில்தான் மொழிக்குள் வந்தது. ஆகவே தலைப்புக் கோப்பையே காணவில்லை என்று கம்பைலர் சொன்னால் அது அந்தத் தரத்துக்கு முந்தியது என்று கொள்ளலாம்.

சில ஆய்வகங்களில் டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) வழியாக இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் டர்போ சி++ 3.0 அப்படிப்பட்டது. அதில் ‘பூல்’ இல்லை, ‘லாங் லாங்’ இல்லை, ‘இன்ட்’ வெறும் 2 பைட். டர்போவின் நீல நிறத் திரையைப் பார்த்தவுடனேயே நான் வகை பற்றிய கேள்வியை நிறுத்திவிடுவேன். அங்கே எந்த அமைப்பை மாற்றினாலும் அந்த வகைகள் வரப்போவதில்லை. செலவில்லாத தீர்வு ஜிசிசி போன்ற இலவசக் கம்பைலரை நிறுவுவது. ஆய்வகத் தேர்வு டர்போவில்தான் நடக்கும் என்றால், அந்தத் தேர்வுக்கான நிரலைத் தனியாகவே எழுதிப் பழகுவது நல்லது.

128 பிட் முழு எண் வேண்டும் என்று வருபவர்கள் குறைவு. ஜிசிசி அதை 64 பிட் இலக்குகளுக்கு மட்டுமே தருகிறது. மைக்ரோசாஃப்டின் சி++ கம்பைலர் அதை ஒரு வகையாகத் தருவதில்லை.

எக்செல் வி.பி.ஏ. (எக்செல்லுக்குள் நிரல் எழுதும் மொழி) என்றால்

‘லாங்லாங்’ என்று அறிவித்த வரியில் பயனர் வரையறுத்த வகை அறிவிக்கப்படவில்லை என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், அந்த ஆஃபீஸ் 32 பிட் என்று பொருள். ‘லாங்லாங்’ வகை ஆஃபீஸ் 2010 முதல், அதுவும் 64 பிட் நிறுவலில் மட்டுமே உண்டு. எக்செல்லின் கணக்குப் பக்கத்தில் ‘எக்செல் பற்றி’ என்னும் பொத்தானை அழுத்தினால் பதிப்பு எண்ணின் அருகில் 32 அல்லது 64 என்று காட்டும். ‘வின்64’ என்னும் நிபந்தனைக் குறியை வைத்து நிரலை இரு வழியாகப் பிரிக்கலாம். பெயர் விண்டோஸைச் சொன்னாலும் அது ஆஃபீஸின் பிட் அளவையே சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

‘டெசிமல்’ வகையில் நேரடியாக மாறியை அறிவிக்க வி.பி.ஏ. எந்தப் பதிப்பிலும் விடுவதில்லை. எந்த வகையையும் ஏற்கும் ‘வேரியன்ட்’ மாறி ஒன்றில் ‘சிடெக்’ செயற்கூறு மூலம் மாற்றி வைத்துக்கொள்ளத்தான் முடியும். இது கோளாறன்று, அந்த மொழியின் அமைப்பே அப்படி.

ஆஃபீஸையே 64 பிட்டுக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அங்கே நின்று ஒரு நிபுணரை அழையுங்கள். கடையின் பில் அச்சிடும் இணைப்புகளும் பழைய டிஎல்எல் கோப்புகளும் 32 பிட்டை நம்பி எழுதப்பட்டிருந்தால், ஒரு வகைக்காக எடுத்த நடவடிக்கை மறுநாள் காலையில் பில் போடுவதையே நிறுத்திவிடும்.

அறிகுறி 2: நிரல் ஓடுகிறது, பெரிய எண் மட்டும் எதிர்மறையாக மாறுகிறது, அல்லது ‘ஓவர்ஃப்ளோ’ என்று நிற்கிறது

ஆத்தங்குடி டைல்ஸ் 40,000 எண்ணிக்கைக்கு ஆர்டர் பதிந்தால் திரையில் −25,536 என்று வருகிறது என்றால், 65,536ஐக் கழித்துப் பாருங்கள். விடை சரியாக அமையும். அது 16 பிட் எண்ணின் கையெழுத்து. அந்த வகையின் எல்லை 32,767. நகைக்கடையின் மொத்த வரவு 2,14,74,836 ரூபாய் 47 காசைத் தாண்டியதும் எதிர்மறையானால் அது காசாகச் சேமித்த 32 பிட் எண். அதன் எல்லை 2,14,74,83,647. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வந்த தவறான எண்ணை இவற்றோடு ஒப்பிட்டாலே பாதி நேரம் நிரலைத் திறக்க வேண்டியதில்லை.

வி.பி.ஏ.வில் எண் எதிர்மறையாவதில்லை, பிழை எண் 6 என்று நிரல் நின்றுவிடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண்ணும் மாறியை. எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு, வி.பி.ஏ.வின் ‘இன்டீஜர்’ 32,767 வரைதான் எண்ணும். சிறிய கடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய நிரல் ஒருநாள் திடீரென நிற்பதற்குக் காரணம், அன்றைக்குத்தான் 32,768ஆவது வரிசை வந்திருக்கும். ‘இன்டீஜர்’ என்பதை ‘லாங்’ என்று மாற்றினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

ஒரு கணினியில் சரி, மற்றொன்றில் தவறு என்றால்

சி மொழியின் ‘லாங்’ வகையைச் சந்தேகியுங்கள். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்; 64 பிட் விண்டோஸில் 4 பைட். உபுண்டு லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியில் எழுதிச் சரிபார்த்த நிரலைக் கடையின் விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோகும் மாணவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் இடறியிருக்கிறார்கள். இரண்டு கணினிகளிலும் மூன்று வரிச் சோதனையை ஓட்டி அளவை ஒப்பிடுங்கள்; வேறுபட்டால் ‘லாங்’ என்பதை நீக்கிவிட்டு, அளவை வெளிப்படையாகச் சொல்லும் 64 பிட் வகையை எழுதுங்கள்.

கணக்கு சரி, அச்சில் மட்டும் தவறு என்றால்

வகையைக் குறை சொல்லும் முன் அச்சிடும் குறியை (எண்ணை எந்த வகையாகப் படித்து அச்சிட வேண்டும் என்று சொல்வது) பாருங்கள். விண்டோஸில் பழைய மின்ஜிடபிள்யூ கம்பைலரோடு கோட்பிளாக்ஸ் என்னும் நிரல் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ‘லாங் டபிள்’ எண்ணை ‘பிரின்ட்எஃப்’ மூலம் அச்சிட்டால் சுழியமோ பொருளற்ற எண்ணோ வரும். கம்பைலர் அந்த வகையை ஓர் அளவில் வைத்திருக்கிறது, அச்சிடும் நூலகம் வேறோர் அளவில் படிக்கிறது. எண்ணை 1000ஆல் பெருக்கிச் சாதாரண முழு எண்ணாக மாற்றி அச்சிட்டுப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால் வகைக்குக் குறையில்லை.

தவறான எதிர்மறை எண்கள் ஏற்கெனவே தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டு, அவற்றிலிருந்து வட்டியும் நிலுவையும் கணக்கிடப்பட்டிருந்தால் நிரலைத் திருத்துவது மட்டும் போதாது. தணிக்கையாளரையும் நிரலாளரையும் ஒன்றாக உட்கார வைத்து, எந்த நாளிலிருந்து எண் பிசகியது என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி 3: நீளமான எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. கூட்டிக் கழிக்கப் போகாத எண் எதுவாயினும் அது எண்ணன்று, எழுத்துத் தொடர். தட்டும் முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் இழந்த இலக்கம் திரும்பாது.

இணையப் பக்கத்தில் இதே அறிகுறி தென்பட்டால், உலாவியின் கன்சோலைத் திறந்து 9007199254740993 என்று தட்டுங்கள். 9007199254740992 என்று பதில் வரும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை அதற்குமேல் ஒவ்வொன்றாக எண்ணாது. ‘பிக்இன்ட்’ என்னும் வகை குரோம் 67, ஃபயர்ஃபாக்ஸ் 68, சஃபாரி 14 ஆகிய பதிப்புகளிலிருந்து உண்டு. உலாவி அதை ஏற்கிறதா என்று அறிய ‘டைப்ஆஃப் பிக்இன்ட்’ என்று கேளுங்கள். ‘ஃபங்ஷன்’ என்று வந்தால் ஏற்கிறது, ‘அன்டிஃபைன்ட்’ என்று வந்தால் இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு. எண்ணின் இறுதியில் ‘என்’ எழுத்தைச் சேர்த்து எழுதும் குறுக்கு வடிவத்தைச் சோதனை நிரலில் வைத்தால், பழைய உலாவி அந்த வரிக்கு வரும் முன்பே கோப்பு முழுவதையும் தொடரியல் பிழை என்று தள்ளிவிடும். ‘ட்ரை’, ‘கேட்ச்’ எதுவும் அதைப் பிடிக்காது. மேலும், ‘பிக்இன்ட்’ எண்ணை ஜேசனாக (தரவை அனுப்பப் பயன்படும் உரை வடிவம்) மாற்றச் சொன்னால் பிழை எழும். சேவையகத்திலிருந்து வரும் நீண்ட எண்ணை மேற்கோள் குறிக்குள் உரையாகவே அனுப்பச் சொல்வதுதான் எளிய வழி. சேவையகம் உங்கள் கையில் இல்லையென்றால் அதை எழுதியவரைத்தான் அழைக்க வேண்டும். உலாவிப் பக்கத்தில் என்ன செய்தாலும் வரும் வழியிலேயே இழந்த இலக்கத்தை மீட்க முடியாது.

அறிகுறி 4: பிழையே வரவில்லை; ஆனால் காசு நேராகவில்லை, சேமித்தது வேறு வகையாக இருக்கிறது

முதல் அறிகுறியை நல்லது என்று சொன்னதற்குக் காரணம் இது. இங்கே சூழல் “தெரியாது” என்று சொல்லாமல், தெரிந்ததுபோலத் தலையாட்டிவிடுகிறது.

எஸ்க்யூலைட் என்னும் சிறிய தரவுத்தளத்தில் ‘டெசிமல்’ என்று நெடுவரிசை அமைத்தால் அது மறுப்பதில்லை. ‘சீப்புச்சீடை’ என்று வகைப் பெயர் கொடுத்தாலும் மறுப்பதில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தட்டிப் பாருங்கள். இரண்டையும் அது ஒரே பொது எண் வகையாகத்தான் நடத்துகிறது. துல்லியமான தசம வகை அதில் இல்லை, 0.1 என்று கொடுத்தால் மிதவைப் புள்ளி எண்ணாகவே (தோராயமான தசம எண்) சேமிக்கும். உண்மையில் என்ன வகையாகச் சேமித்தது என்று அறிய ‘டைப்ஆஃப்’ செயற்கூறால் அந்த நெடுவரிசையைக் கேளுங்கள். ‘ரியல்’ என்று வந்தால் காசுக் கணக்கு அதில் நேராக நிற்காது. 2021இல் வந்த 3.37.0 பதிப்பிலிருந்து அட்டவணையை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று அறிவிக்கலாம். அப்போது தெரியாத வகைப் பெயரை அது ஒளிவுமறைவின்றி மறுக்கும். சீடையைக் கொடுத்தாலும் டெசிமலைக் கொடுத்தாலும் மறுக்கும்.

சாம்ப் என்னும் சேவையகத் தொகுப்பை நிறுவியிருப்பவர்கள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்று நினைத்து அதன் கிளையான மரியாடிபியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். பதிப்பைக் கேட்டால் பெயரோடு பதில் வரும். மைஎஸ்க்யூஎல்லில் ‘ஜேசன்’ தனி வகை. மரியாடிபியில் அது ‘லாங்டெக்ஸ்ட்’ என்பதற்கு மற்றொரு பெயர். ‘பூலியன்’ இரண்டிலுமே ஓரிலக்கச் சிறு முழு எண்ணாகத்தான் நிற்கும். ‘ஷோ கிரியேட் டேபிள்’ என்று கேட்டால் நீங்கள் எழுதியது தெரியாது. தரவுத்தளம் ஏற்றுக்கொண்டது தெரியும்.

பைத்தானில் ‘டெசிமல்’ உண்டு, ஆனால் 0.1 என்னும் எண்ணை அதற்குக் கொடுத்தால் பிசகிய மதிப்பையே அப்படியே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் உரையாகக் கொடுங்கள். தசம வகை கிடைக்காத எந்தச் சூழலிலும் நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ரூபாயைக் காசாகவும், கிராமை மில்லிகிராமாகவும் மாற்றி 64 பிட் முழு எண்ணில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடையின் தரவுத்தளத்தில் நெடுவரிசையின் வகையை மாற்றும் வேலையை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். அதற்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகின்றன, அல்லது பாதியில் வெட்டுப்படுகின்றன

கேள்விக்குறி என்றால் நெடுவரிசையின் எழுத்துக்குறித் தொகுப்பை (கேரக்டர் செட்) பாருங்கள்; லத்தீன் என்று இருந்தால் காரணம் அதுவே. எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில் ‘என்வார்சார்’ வகை வேண்டும், மேற்கோளுக்கு முன் ‘என்’ எழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கேள்விக்குறிதான். வி.பி.ஏ. எழுதும் சாளரத்திலேயே தமிழ் தெரியாது. உரையைத் தாளின் கலத்தில் வைத்து அங்கிருந்து படியுங்கள்.

வெட்டுப்பட்டால் நீளத்தைக் கணக்கிடுங்கள். ‘காரைக்குடி’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, யுடிஎஃப்-8 வடிவில் 30 பைட். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட பெயரை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. தாளைப் பார்த்துத் திரும்பத் தட்ட வேண்டியதுதான்.

அறிகுறி 6: பழைய பேரேட்டின் தேதியும் தொகையும் எந்த வகைக்கும் அடங்கவில்லை

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக்கே உரிய கோளாறு என்று இதைச் சொல்லலாம். எக்செல்லின் தேதி வகை 1900 சனவரி 1ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டு ரங்கூன் கணக்கைத் தட்டினால் அது இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு உரையாக நிற்கும். வரிசைப்படுத்தினால் வேறெங்கோ போய் உட்காரும். சோதிக்க, அந்தக் கலத்தோடு 1ஐக் கூட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அது தேதியன்று.

எளிய தீர்வு லிப்ரே ஆஃபீஸ் கால்க். அது 1900க்கு முந்திய தேதிகளையும் தேதியாகவே ஏற்கிறது. ஆனால் அதை எக்செல் கோப்பாக மாற்றி உறவினருக்கு அனுப்பினால் அங்கே மறுபடி கோளாறாகும். அடுத்த தீர்வு, வருடம், மாதம், நாள் ஆகியவற்றை மூன்று தனி முழு எண் நெடுவரிசைகளில் வைப்பது. தரவுத்தளம் வரை போகத் தயார் என்றால், மைஎஸ்க்யூஎல்லின் ‘டேட்’ வகை 1000ஆம் ஆண்டிலிருந்து ஏற்கும். ‘டைம்ஸ்டாம்ப்’ 1970க்கும் 2038க்கும் இடையில் மட்டுமே நிற்கும். எஸ்க்யூஎல் சர்வரின் ‘ஸ்மால்டேட்டைம்’ 1900இலும் ‘டேட்டைம்’ 1753இலும் தொடங்குகின்றன.

1900 சனவரி, பிப்ரவரி மாதங்களில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எக்செல் அந்த ஆண்டை லீப் ஆண்டு என்று தவறாகக் கொள்கிறது, வி.பி.ஏ. அப்படிக் கொள்வதில்லை. ஆகவே அந்த இரு மாதத் தேதிகளைத் தாளிலிருந்து வி.பி.ஏ. படித்தால் ஒரு நாள் குறைந்து வரும். மார்ச் 1 முதல் இரண்டும் ஒத்துப்போகும்.

தொகைக்கு வருவோம். 1957 ஏப்ரல் 1க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. இதற்கென்று எந்த நிரல்மொழியிலும் ஆயத்த வகை இல்லை. தசமமாக மாற்றினால் ஒரு பை என்பது 0.0052083 என்று முடிவில்லாமல் நீள்கிறது, வி.பி.ஏ.வின் ‘கரன்சி’ வகை நான்கு தசம இடங்களை மட்டுமே வைப்பதால் 192 பையைக் கூட்டினால் 0.9984 ரூபாய்தான் வரும், ஐந்தொகை நேராகாது. எல்லாவற்றையும் பையாக மாற்றி முழு எண்ணில் வைத்து, காட்டும்போது மட்டும் 192ஆலும் 12ஆலும் வகுத்துக் காட்டுங்கள். 32 பிட் எண் 1,11,84,810 ரூபாயோடு நின்றுவிடும். லேவாதேவிக் கணக்கில் அந்தத் தொகை பெரிதன்று என்பதால் 64 பிட் வகையே வேண்டும்.

தமிழ் இலக்கங்களில் எழுதிய ஏடு என்றால், பைத்தான் ௧௨ என்னும் உரையை 12 என்று சரியாகவே படிக்கும். ஆனால் ௰, ௱, ௲ ஆகியவற்றை இலக்கமாக ஏற்காமல் பிழை எழுப்பும். ௨௱௫௰ என்று எழுதியதை 250 ஆக்கும் சிறு செயற்கூறை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தேதிக்குப் பதிலாக ‘விகாரி வருஷம் மார்கழி மாதம்’ என்று மட்டும் இருந்தால் அதைத் தேதி வகைக்குள் திணிக்க வேண்டாம். ஏட்டில் உள்ளதை உள்ளபடியே ஓர் உரை நெடுவரிசையில் பதிந்துவிட்டு, மாற்றிய தேதியை வேறொரு நெடுவரிசையில் வையுங்கள். விகாரி 1899இலும் 1959இலும் 2019இலும் தொடங்கியிருக்கிறது; எது என்று கணினி அறியாது. 1899 ஏப்ரலில் தொடங்கிய விகாரிதான் என்று உறுதியானாலும், அதன் மார்கழியின் முற்பகுதி எக்செல்லில் உரையாகவும் பிற்பகுதி தேதியாகவும் இரண்டாகப் பிளந்து நிற்கும். இந்த இடத்தில் அழைக்க வேண்டியவர் நிரலாளர் அல்லர். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த, பழைய கணக்கெழுத்தைப் படிக்கப் பழகிய ஒரு பெரியவரை வீட்டுக்கு அழைத்து, பேரேட்டை அவர் படிக்க நீங்கள் தட்டுங்கள்.